இரும்பில் தைத்த ராஜ உடை: மறுமலர்ச்சிக் காலக் கவசங்களின் கதை

மாட்ரிட் அரண்மனை ஆயுதக் கூடத்தில் ஒரு கேடயம் இருக்கிறது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த டெசிடேரியுஸ் ஹெல்ம்ஷ்மிட் என்ற கவசக் கொல்லர், அப்போது இளவரசராக இருந்த ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்புக்காக 1552-இல் செய்து முடித்தது. கேடயம் முழுக்க நகாசு வேலை. அதன் நடுவே எங்கோ ஒரு மூலையில், சட்டென்று கண்ணில் படாத இடத்தில், ஒரு காளை ஒரு வீரனை முட்டித் தள்ளுகிறது. அந்த வீரனின் கையில் இருக்கும் சின்னக் கேடயத்தில் எழுத்துகள் தெரிகின்றன. 'நெக்ரோல்' என்று.

நெக்ரோலி என்பது இத்தாலியில் மிலான் நகரத்துக் கவசக் குடும்பம். ஹெல்ம்ஷ்மிட் குடும்பத்துக்கு நேர் போட்டி. பிலிப்பின் அப்பா, பேரரசர் ஐந்தாம் சார்லஸ், இரண்டு பட்டறைகளிலும் கவசம் வாங்கியவர். அவர் மகன் கையில் பிடிக்கப்போகிற கேடயத்திலேயே போட்டிக்காரனைக் காளை முட்டுவதாகச் செதுக்கி அனுப்பியிருக்கிறார் ஆக்ஸ்பர்க் கொல்லர். அவ்வளவு தைரியம்.

இந்தப் போட்டி எதற்கு என்று யோசித்தால்தான் விஷயம் புரிகிறது. யாருடைய கவசம் ஈட்டியைத் தாங்கும் என்பதில் அல்ல, யாருடைய வேலை கண்ணைப் பறிக்கும் என்பதில்தான் இவர்கள் மோதிக்கொண்டார்கள். ஆனால் கவசம் என்றால் முதலில் உயிரைக் காக்க வேண்டிய பொருள், அது அழகாகவும் இருக்கட்டும் என்று இறங்கியபோது அழகும் காப்பும் ஒரே இரும்புத் தகட்டுக்குள் ஒன்றோடொன்று சண்டை போட ஆரம்பித்தன. சில இடங்களில் காப்பு ஜெயித்தது, சில இடங்களில் அழகு. மறுமலர்ச்சிக் காலக் கவசத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவதெல்லாம் இந்தச் சண்டையைப் பற்றித்தான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். முழுக்கவசம் போட்டவன் நடக்கவே முடியாது, குதிரை மேல் ஏற்றக் கிரேன் வைத்துத் தூக்க வேண்டும் என்று சினிமா பார்த்து நாம் நம்பியிருக்கிறோம். அது உண்மையில்லை. போர்க்களத்துக்கான கவசம் பொதுவாக 20 முதல் 25 கிலோ. அந்த எடை தோளில் மட்டும் தொங்காமல் உடம்பு முழுக்கப் பிரிந்து உட்காரும். தகடுகள் உள்ளே தோல் வார்களாலும், நகர்ந்து கொடுக்கும் ஆணிகளாலும் இணைக்கப்பட்டிருப்பதால் முழங்கையை மடக்கலாம், குனியலாம், ஓடலாம், யார் உதவியும் இல்லாமல் குதிரையில் ஏறலாம். குதிரையில் பாய்ந்து வந்து எதிராளியை ஈட்டியால் இடிக்கும் ஈட்டிப் போட்டிக்கான கவசம் வேறு. அது 40 கிலோவைத் தாண்டும், அதைப் போட்டுக்கொண்டு யாரும் போருக்குப் போவதில்லை.

தகட்டின் கனமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அடி விழும் மார்பிலும் நெற்றியிலும் கூடுதலாக இருக்கும், கைகால்களில் மெலிந்துவிடும். உளுந்து வடை தட்டுவது மாதிரி ஒரே கனத்துக்குத் தட்டினால் எடை ஏறிவிடும், எங்கே கனம் வேண்டும் எங்கே வேண்டாம் என்பது கொல்லர் கையில்தான் இருந்தது.

சரி, அந்தத் தகடு உயிரை எப்படிக் காப்பாற்றியது? இரண்டு வழிகளில். ஒன்று வடிவம். நல்ல மார்க்கவசம் வளைந்து, வழவழப்பாக இருக்கும். ஈட்டி முனை அதில் பட்டால் பிடிமானம் கிடைக்காமல் வழுக்கி ஓடிவிடும். இரண்டாவது கடினம். நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பார்களே, பழுக்கக் காய்ச்சி சட்டென்று நீரில் முக்கி எடுப்பது, அதே மாதிரி கவசத் தகட்டையும் முக்கிக் கடினமாக்கினார்கள். அதிகமாகப் போனால் தகடு கண்ணாடி மாதிரி உடையும், குறைந்தால் வளையும். அதனால் மறுபடி மிதமாகச் சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். இந்த இரண்டையும், அதாவது வழவழப்பையும் கடினத்தையும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலங்காரம் வந்து கை வைத்தது இந்த இரண்டின் மேல்தான்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியப் பிரபுவுக்குக் கவசமும் ஓர் ஆடைதான், அதுவும் இருப்பதிலேயே விலை உயர்ந்த ஆடை. அதனால் துணியில் என்ன மோஸ்தர் வந்ததோ அது இரும்பிலும் வந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொசுவம் வைத்த, மடிப்பு மடிப்பான உடைகள் ஜெர்மனியில் பிரபலம். உடனே கவசத் தகடு முழுக்க நெருக்கமான வரிகள் எழுந்தன. பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் பெயரில் அந்தப் பாணியை இன்றும் அழைக்கிறார்கள். இதில் அழகும் காப்பும் சேர்ந்தே போயின என்பது நல்ல விஷயம்: நெளித் தகரக் கூரை ஏன் உறுதியாக இருக்கிறதோ அதே காரணத்தால், வரி வரியாக மடித்த தகடு மெலிதாக இருந்தாலும் எளிதில் வளையாது.

அப்புறம் ஜெர்மானியக் கூலிப்படை வீரர்களின் உடை மோஸ்தரானது. பெரிதாக உப்பிய கைகள், அங்கங்கே கீறிவிட்டு உள்துணியை வெளியே காட்டுவது. டெசிடேரியுஸின் அப்பா கொல்மன் ஹெல்ம்ஷ்மிட், வில்ஹெல்ம் ஃபான் ரோகண்டோர்ஃப் என்ற தளபதிக்காக 1523-இல் அதை அப்படியே இரும்பில் செய்தார். வியன்னாவில் இருக்கும் அந்தக் கவசத்தின் படத்தைப் பாருங்கள். உப்பிய கைகளில் கீறல்கள் வரிசையாக ஓடுகின்றன, காற்று அடித்தால் அசையும் என்று தோன்றுகிறது. அத்தனையும் சுத்தியலால் அடித்து எடுத்த உருக்கு.

இன்னொரு அலங்காரம் பாதுகாப்பைக் கொஞ்சமும் தொடாமல் வந்தது, அமிலத்தால் அரித்துக் கோலம் போடுவது. தகட்டின் மேல் மெழுகையோ தாரையோ பூசுவார்கள். ஊசியால் கோடு கிழித்தால் அந்த இடத்தில் மட்டும் இரும்பு வெளியே தெரியும். காடியும் உப்புகளும் சேர்த்த அரிக்கும் திரவத்தை ஊற்றினால் வெளியே தெரியும் இரும்பு மட்டும் மெல்ல அரிபடும். கழுவித் துடைத்துப் பள்ளத்தில் கறுப்பு தேய்த்தால் படம் தயார். ஜெர்மானியப் பட்டறைகள் பின்னணி முழுக்கப் புள்ளி புள்ளியாக விட்டுவைக்கும், அதைப் பார்த்தே எந்த நாட்டு வேலை என்று சொல்லிவிடலாம். மயிரிழை ஆழம்தான் அரிபடுகிறது, ஈட்டி வந்து மாட்டிக்கொள்ள அதில் இடமில்லை. வழவழப்பு வழவழப்பாகவே இருக்கும்.

இந்தப் பட்டறை வித்தையிலிருந்து உலகத்துக்கு ஒரு பெரிய கலை கிடைத்தது. ஆக்ஸ்பர்க்கில் டானியேல் ஹோப்ஃபர் என்பவர் கவசங்களில் இந்த அரிப்பு வேலை செய்துகொண்டிருந்தார். 1500 வாக்கில், அதே மாதிரி ஓர் இரும்புத் தகட்டில் அரித்து, அதில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினால் என்ன என்று செய்து பார்த்தார். அச்சு விழுந்தது. எட்சிங் என்று ஓவியர்கள் இன்றும் பயன்படுத்தும் அச்சுக்கலை அங்கிருந்து கிளம்பியதுதான். 1515 வாக்கில் ஜெர்மனியின் பெரும் ஓவியர் ஆல்பிரெக்ட் டூரரே இரும்புத் தகட்டில் அரித்து அச்சடித்துப் பார்த்தார், மாக்ஸிமிலியனின் வெள்ளிக் கவசத்துக்குக் கோட்டோவியமும் வரைந்து கொடுத்தார். ஓவியனுக்கும் கொல்லனுக்கும் நடுவே இன்று நாம் போடும் கோடு அங்கே அன்று இருக்கவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இது.

தங்கம் வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் பொன்முலாம் என்றால் பாதரசம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் பதத்தில் ஒரு கலவை செய்து, அதைத் தகட்டில் தடவிச் சூடு காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஆவி விஷம். ராஜாவின் மார்பில் மின்னிய தங்கத்துக்காக அதைச் சுவாசித்தவர்களின் உடம்பு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது. பாதரசம் கொதிப்பது 357 டிகிரி செல்சியஸில். தோய்ச்சல் கொடுத்துக் கடினமாக்கிய உருக்கை அவ்வளவு சூட்டுக்கு மறுபடி கொண்டுபோனால் அதன் கடினம் குறையத் தொடங்கும். உருக்கைச் சூடேற்றியே நீல நிறம் கொண்டுவரும் வேலைக்கும் இதே ஆபத்து உண்டு, அது கிட்டத்தட்ட 300 டிகிரியில் நடப்பது.

மிலான் என்ன செய்தது? பழைய கவசங்களின் உலோகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைக் காட்டியிருக்கின்றன. 15-ஆம் நூற்றாண்டில் தங்கள் உருக்கைக் கடினமாக்கத் தெரிந்திருந்த இத்தாலியப் பட்டறைகள், 16-ஆம் நூற்றாண்டில் பொன்முலாம் மோஸ்தரான பிறகு அந்த வேலையைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. மின்னுகிற கவசத்துக்கு ஆள் வரிசையில் நிற்கிறார்கள், உள்ளே உருக்கு எப்படி இருக்கிறது என்பது எந்த வாடிக்கையாளர் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கும், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கும், இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி லண்டன் அருகே தொடங்கிய கிரீனிச் அரச பட்டறையும் விட்டுக்கொடுக்கவில்லை. சூட்டைக் கட்டுக்குள் வைத்து, கடினத்தையும் தங்கத்தையும் ஒரே தகட்டில் கொண்டுவரக் கற்றுக்கொண்டார்கள். கவசத் தொழிலின் உச்சம் எது என்று கேட்டால், நான் மிலானின் எந்தச் சிற்பத்தையும் சொல்ல மாட்டேன், வெளியே தெரியாத இந்த வித்தையைத்தான் சொல்வேன்.

ஆனால் மிலானின் சிற்பங்களைப் பார்க்காமல் போகவும் முடியாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பிலிப்போ நெக்ரோலி 1543-இல் செய்து பெயர் பொறித்த தலைக்கவசம் ஒன்று இருக்கிறது. எடை 2 கிலோவுக்கும் கீழே. நெற்றிப் பக்கம் மெதூசாவின் முகம் இருக்கிறது, பார்த்தவரைக் கல்லாக்கும் அந்தக் கிரேக்கக் கதைப் பெண். உச்சியில் கடற்கன்னி ஒருத்தி பின்னால் சாய்ந்து படுத்திருக்கிறாள், கைகளை நீட்டி மெதூசாவின் கூந்தலைப் பிடித்திருக்கிறாள், அவள் உடம்பே தலைக்கவசத்தின் முகடு. இரண்டு பக்கமும் இலைச் சுருள்கள், அவற்றுக்குள் குழந்தை உருவங்கள். வெண்கலம் மாதிரி கருமையாகத் தெரிகிறது, ஆனால் உருக்கு. முக்கியமான செய்தி இதுதான்: தலையை மூடும் அந்தக் கிண்ணப் பகுதி முழுவதும், கன்னியின் உடம்போடு சேர்த்து, ஒரே தகட்டிலிருந்து அடித்து எழுப்பியது. பொன்னும் வெள்ளியும் அடித்தால் இழைந்து கொடுக்கும். உருக்கு அப்படிக் கொடுக்காது, ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் கிழிந்துவிடும், கிழிந்தால் அத்தனை மாத வேலையும் போச்சு.

அந்தத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போகலாமா? கூடாது. வழுக்கி ஓட வேண்டிய வாள் முனை, கடற்கன்னியின் கையிலும் மெதூசாவின் மூக்கிலும் மாட்டி நிற்கும். அடித்து எழுப்பும்போது தகடும் அங்கங்கே மெலிந்துபோகும். இது ஊர்வலத்துக்கு, அரண்மனை விழாவுக்கு, நகரத்துக்குள் வெற்றி வீரனாக நுழைவதற்கு. இங்கே அழகு முழுசாக ஜெயித்துவிட்டது.

ஏன் அப்படி ஜெயிக்க விட்டார்கள்? ராஜாவுக்குப் போர்க்களத்தில் ஒரு தேவை, மக்கள் முன்னால் இன்னொரு தேவை. நெக்ரோலி 1533-இல் ஐந்தாம் சார்லஸுக்குச் செய்த தலைக்கவசம் மாட்ரிட்டில் இருக்கிறது. அதன் தலைப்பகுதி முழுக்கச் சுருள் சுருளாகப் பொன் முடி, கீழே சுருள் தாடி, காது கூட உண்டு. அதைப் போட்டால் சார்லஸின் முகம் ரோமப் பேரரசனின் சிலை முகமாக மாறிவிடும். புனித ரோமப் பேரரசர் என்பது அவருடைய பட்டம். பழைய சீசர்களின் வாரிசு தான்தான் என்று அவர் வாய் திறந்து சொல்லவேண்டிய அவசியமே இல்லை, தலையில் இருப்பது சொல்லிவிடும்.

காம்பியின் கதை இதைவிட நேரடி. பார்த்தொலொமேயோ காம்பி இத்தாலியின் பெசாரோ ஊர்ப் பொற்கொல்லர். உர்பினோ பிரபு குயிதோபால்டோவுக்காக 1546-இல், தசை புடைத்த ரோமானிய மார்க்கவசம் ஒன்று செய்தார். அதில் லத்தீனில் தன் பெயரைப் போட்டு, ஒரு முழு ஆண்டு பிடித்திருக்க வேண்டிய இந்த வேலையை என் பிரபுவின் விருப்பத்துக்குக் கீழ்ப்படிந்து இரண்டே மாதத்தில் முடித்தேன் என்று பொறித்து வைத்திருக்கிறார். பெருமையா, களைப்பா, இரண்டுமா? படிக்கும்போது அந்த இரண்டு மாதம் அவர் பட்டறையில் விளக்கு அணைந்தே இருக்காது என்று தோன்றுகிறது.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் 1515 வாக்கிலான கவசத்தில் வெள்ளி பூசி, உடம்பு முழுக்கப் புனிதர்களின் கதைகளை வெட்டியிருக்கிறார்கள். இரும்புப் பாவாடையின் விளிம்பில் எச் என்ற எழுத்தும் கே என்ற எழுத்தும் முடிச்சுப் போட்டுச் சேர்ந்து ஓடுகின்றன. ஹென்றி, அவருடைய முதல் மனைவி காதரின். பின்னாளில் அந்தத் திருமணம் முறிந்ததும், அதனால் இங்கிலாந்தே போப்பின் திருச்சபையை விட்டு விலகியதும் தெரிந்தவர்களுக்கு அந்த விளிம்பைப் பார்க்கவே மனசு கனக்கும். கம்பர்லேண்ட் பிரபு ஜார்ஜ் கிளிஃபர்டின் கிரீனிச் கவசத்தில் முதலாம் எலிசபெத் ராணியின் 'ஈ' எழுத்து முதுகோடு முதுகு ஒட்டிய ஜோடியாக மீண்டும் மீண்டும் வருகிறது. நான் யாருடைய ஆள் என்பதை மார்பிலேயே எழுதிக்கொண்டு திரிந்தார்கள்.

பெரிய இடத்துக் கவசம் ஒரே ஒரு கவசமாகவும் வராது, ஒரு குடும்பமாக வரும். மாற்றி மாட்டக்கூடிய துண்டுகள், கூடுதல் முகமூடி, இடது தோளுக்கு மேலே போடும் கனத்த காப்பு, குதிரையின் முகத்துக்குத் தகடு, எல்லாவற்றிலும் ஒரே அலங்காரம். திருகி மாட்டினால் போருக்கு, கழற்றி வேறொன்றைப் போட்டால் ஈட்டிப் போட்டிக்கு, இன்னொன்றைப் போட்டால் தரையில் நின்று சண்டையிட. கிளிஃபர்டுடையது அப்படி மிஞ்சியவற்றில் மிக முழுமையான ஒன்று.

இதெல்லாம் மேல்தட்டு. சாதாரணக் காலாட்படை வீரனுக்குக் கிடைத்தது மொத்தமாகச் செய்து குவித்த கவசம், மெருகேற்றாமல் கறுப்பாகவே விட்டது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆயுதக் கிடங்கில் ஏறக்குறைய 32,000 பொருட்கள் இன்றும் அப்படியே அடுக்கி இருக்கின்றன, பெரும்பகுதி பேர் தெரியாத சிப்பாய்களுக்கானது. கவசம் வாங்குபவனுக்குக் காட்ட, துப்பாக்கியால் ஒரு முறை சுட்டு அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டுவைக்கும் வழக்கமும் இருந்தது. இது தாங்கும் என்பதற்கு அந்தப் பள்ளமே சான்றிதழ். பொன்முலாமுக்குப் பக்கத்தில் வைத்தால் அசிங்கமான ஒரு குழி, ஆனால் உயிருக்குப் பயந்தவன் முதலில் தேடியிருப்பது அதைத்தான்.

எல்லா அலங்காரக் கவசமும் மேடைப் பொருள் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1547 ஏப்ரல் 24-இல் ஜெர்மனியில் நடந்த மூல்பெர்க் போரில் ஐந்தாம் சார்லஸ் உண்மையாகவே ஒரு ஹெல்ம்ஷ்மிட் கவசத்தோடு களத்தில் இருந்தார். 1544-இல் டெசிடேரியுஸ் செய்தது, அரித்துப் பொன் பூசிய பட்டைகள் ஓடுவது, மார்பில் மரியன்னையின் உருவம். மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கிறது, புடைப்புச் சிற்பம் கிடையாது. அடுத்த ஆண்டு இத்தாலிய ஓவியர் டிஷியன் அதே கவசத்தில் சார்லஸைக் குதிரை மேல் வரைந்தார். கீல்வாதத்தால் பல ஆண்டுகள் அவதிப்பட்ட மனிதர் அவர். ஓவியத்தில் வலியின் சாயலே இல்லை, சாயங்கால வெளிச்சம் அந்தத் தகடுகளில் விழுந்து ஒளிர்கிறது. ஓவியம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில், கவசம் அதே மாட்ரிட்டின் அரண்மனையில். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

பிரான்சின் இரண்டாம் ஹென்றிக்கும் ஓர் அற்புதமான ஊர்வலக் கவசம் உண்டு, நியூயார்க்கில் இருக்கிறது, ஒரு விரல் அகலம் கூட வெறுமையாக விடாமல் இலையும் உருவமும் புடைத்து நிற்கும் வேலை. அந்த ராஜா 1559 ஜூன் 30 அன்று பாரிஸில் நடந்த ஈட்டிப் போட்டியில் இறங்கினார். எதிராளி மோன்ட்கோமரியின் ஈட்டி உடைந்து, அதன் சிம்பு முகமூடிக்குள் புகுந்து அவர் கண்ணில் ஏறியது. பத்து நாள் கிடந்து உயிர் போனது. போட்டிக்கான கனத்த கவசம்தான் போட்டிருந்தார். பார்ப்பதற்காக விட்ட இடைவெளி ஒன்று எப்போதும் இருந்தே தீரும்.

கடைசியாக, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு தலைக்கவசம். மாக்ஸிமிலியன் எட்டாம் ஹென்றிக்குப் பரிசாகக் கொடுக்க இன்ஸ்ப்ருக்கில் கொன்ராட் ஸாய்சன்ஹோஃபரிடம் சொல்லி 1511-இல் தொடங்கிய முழுக்கவசத்தின் ஒரு பாகம் அது. இரும்பில் மனித முகம். சவரம் செய்யாத தாடையின் முள் முள்ளான மயிர் ஒவ்வொன்றும் அரிப்பு வேலையில் தெரியும், கண்ணோரச் சுருக்கங்களும் தெரியும். மூக்கின் மேல் ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டம், தலையின் இரு பக்கமும் சுருண்ட ஆட்டுக்கடாக் கொம்புகள். கவசத்தின் மற்ற பாகங்கள் எல்லாம் பின்னாளில் பழைய இரும்பாகப் போய்விட்டன. 17-ஆம் நூற்றாண்டில் லண்டன் கோட்டையில் இந்தத் தலையை மட்டும் வைத்துக் காட்டியவர்களுக்கு, இது ஒரு பேரரசர் ஓர் அரசருக்குத் தந்த சீர் என்பதே மறந்துபோயிருந்தது. ஹென்றியின் அரண்மனைக் கோமாளி வில் சோமர்ஸின் கவசம் என்று சொல்லித்தான் வந்தவர்களுக்குக் காட்டினார்கள்.